நிறுத்தி அறிதல்

தறியில் பாவு நூல் ஒன்று அறுகின்றது. அதனைக் காணாது நெய்துகொண்டே சென்றால், அவ்வொரு நூலின் குறை ஆடையின் நீளம் முழுவதும் கோடாக ஓடும். நூல் அறுந்த அந்நொடியே தறி நின்றுவிடுமாயின், பழுது விரற்கடை அளவோடு ஒழியும். ஜப்பான் நாட்டுச் சகிச்சி டொயோடா என்பார் 1924-ஆம் ஆண்டில் அமைத்த தானியங்கித் தறி அவ்வாறு தானே நிற்கும் இயல்புடையது. பிழையோடு ஓடுதலினும் பிழை கண்ட இடத்தே நிற்றல் நன்று. இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்துமாற்றை ஈண்டுக் காண்போம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1964-ஆம் ஆண்டில் 360 என்னும் பெருங்கணினி வரிசையை அறிவித்தது. அதன் வழிவந்த 370/155 என்னும் பொறி, 1973-ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்றது. அந்நாளில் நிரல் எழுதுவோர், துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருப்பர். ஆதலின் ஒரு முறை ஓட்டுவதிலேயே இயன்ற அளவு அறிந்துகொள்ளுதல் இன்றியமையாததாயிற்று.

மாணவர்களே! ஓர் ஆலையின் ஊதியக் கணக்கை எண்ணிப் பாருங்கள். மிகைநேர ஊதியத்தைக் குறித்துவைக்கும் இடத்தில், தவறான கட்டளை ஒன்று வேறோர் எண்ணை இட்டுவிடுகின்றது. பொறி ஐயுறாது, அவ்வெண்ணையே கூட்டும், கழிக்கும், அச்சிடும். உழைத்தவன் கையில் குறைந்த ஊதியம் சேர்ந்த பின்னரே பிழை வெளிப்படும். அப்பொழுது அது பிறந்த இடத்தை எங்ஙனம் காண்பது?

இதற்கு வல்லுநர் கண்ட வழி வியப்புக்குரியது. ஐயத்திற்குரிய இடத்தில் நிரல் தானே வீழுமாறு அவர்கள் வேண்டுமென்றே செய்வர். அப்பொறியில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு குறியெண்ணோடு தொடங்கும். பூச்சியம் எந்தக் கட்டளைக்கும் உரிய குறியெண் அன்று. எனவே, ‘ஊதியம் இயல்பான வரம்பைக் கடந்ததா?’ என ஆராய்ந்து, கடந்ததாயின் பூச்சியங்களே அமைந்த இடத்திற்குச் செல்லுமாறு நிரலை எழுதுவர். அவ்விடம் அடைந்ததும் பொறி செய்வதறியாது முறையிடும். பொறியை ஆளும் இயக்க முறைமை அந்நிரலை மட்டும் நிறுத்தி, ‘பூச்சியம்–சி–ஒன்று’ என்னும் அடையாளத்தைக் காட்டும். பிறருடைய நிரல்கள் இடையூறின்றி ஓடும்.

நின்ற நிரலின் நினைவகம் முழுவதும் பதினாறடி எண்முறையில் தாளில் அச்சாகும். இதனைத் தொழிலோர் ‘டம்ப்’ என்பர். நிரல் நின்ற முகவரியும், 16 பதிவகங்களில் இருந்த எண்களும் அதில் விளங்கும். சேற்றில் பதிந்த அடிச்சுவட்டைப் பிறர் மிதிக்குமுன் காண்பதனை இஃது ஒக்கும்.

நின்ற இடத்தில் எண்கள் செவ்வையாக இருப்பின், அடுத்த முறை நிறுத்தத்தைப் பின்னே தள்ளிவைப்பர். பிழைபட்டிருப்பின் முன்னே கொணர்வர். இவ்வாறு இடைவெளி சுருங்கச் சுருங்கக் குற்றவாளியாகிய கட்டளை அகப்படும். திருத்திய பின்னர், தேடுதற்காக இட்ட நிறுத்தங்களை மறவாது நீக்குதல் கடன். இல்லையேல் ஊதிய நாளன்றே கணக்கு நின்றுபோகும். இன்றும் வங்கிகள் பல பயன்படுத்தும் பெருங்கணினிகள் அவ்வரிசையின் வழிவந்தவையே. இம்முறை அவற்றிலும் பயன்படும்.

இந்நெறி கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்குரிய ஜப்பானின் டெமிங் பரிசை 1998-ஆம் ஆண்டில் பெற்றது. பொருளை முடித்தபின் குறை தேடுவதை விட, குறை பிறக்கும் இடத்திலேயே அதனைக் களைதல் வேண்டும் என்பதே அம்மேலாண்மையின் அடிப்படை.

நிற்பதை இழுக்கென்று கருதிப் பிழையை மூடிச் செல்வோர், அதன் சுமையைப் பின்னே வருவோர்மேல் ஏற்றுகின்றனர். உரிய இடத்தில் நின்று ஆராய்வோரே பிறர் நம்பத்தக்க பணியைச் செய்கின்றனர்.