பிள்ளை என்ன வேலைக்குப் போக என்ன படித்திருக்க வேண்டும்?

ஊர் திரும்பிய வீட்டில் முதலில் கண்ணில் படுவது கூரையும் கிணறும்தான். பிள்ளையின் படிப்பு "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போய்விடும். அப்படித் தள்ளிப் போகும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைக்கு ஒரு வழி அடைபடலாம். ஆகவே வீட்டில் உள்ள மூத்த பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு இதை வாசியுங்கள்.

முதலாவது படி க.பொ.த. சாதாரண தரம். ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். மூன்று பாடங்களிலாவது 'சி' அல்லது அதற்கு மேல் எடுத்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் உயர்தரம் படிக்கலாம். பாடசாலை மாறி மாறிப் படித்த பிள்ளையை அதிகம் இடறவைப்பது கணிதம். ஒரு வருடப் பாடம் விடுபட்டால் அடுத்த வருடப் பாடம் விளங்காது. இதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணிதத்தில் மட்டும் தவறியிருந்தால், அந்தப் பாடத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி எழுதலாம்.

உயர்தரத்தில் எடுக்கும் பாடங்கள்தான் பின்னர் தொழிலைத் தீர்மானிக்கும். வைத்தியராக உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் வேண்டும். பொறியியலுக்கு உயிரியலின் இடத்தில் இணைந்த கணிதம். தாதியர் பயிற்சிக்கும் விஞ்ஞானப் பாடங்களையே கேட்கிறார்கள்; இது தெரியாமல் கலைப்பிரிவில் சேர்ந்துவிட்டுப் பின்னர் கவலைப்படும் பிள்ளைகள் உண்டு. ஆசிரியராக விரும்பினால் உயர்தரச் சித்தியுடன் தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சி மூன்று வருடம். வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களில் இக்கல்லூரிகள் உள்ளன.

"எங்கட பிள்ளை கொழும்புப் பிள்ளைகளோட போட்டி போட ஏலுமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளில் 40 வீத இடங்கள் மட்டுமே நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகிறது. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகியன அந்தப் பட்டியலில் உள்ளன. ஆகவே உங்கள் பிள்ளை பெரும்பாலும் போட்டியிடுவது தன் மாவட்டத்துப் பிள்ளைகளுடன்தான். உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம்.

இனி, பாடசாலையை இடையில் விட்டுவிட்டு மேசன் வேலைக்கோ வயரிங் வேலைக்கோ போகும் மகனைப் பற்றி. அவனை நினைத்து மனம் சோரும் தாய்மாருக்கு இந்தப் பகுதி முக்கியம். தேசிய தொழிற் தகைமை என்று ஒன்று உண்டு, என்.வி.கியூ. என்பார்கள். ஒன்று முதல் ஏழு வரை மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் படித்து இதைப் பெறலாம்.

படிக்க நேரமில்லாமல் வேலை செய்துகொண்டிருப்பவருக்கு வேறொரு வழி உண்டு. அவர் பழகிய வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அதே சான்றிதழை எடுக்கலாம். இதற்குச் சாதாரண தரச் சித்தி தேவையில்லை. பத்து வீடு கட்டியவரின் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாதிருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஆனால் கொழும்பில் ஒரு கம்பனியோ வெளிநாட்டு முகவரோ முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான்.

இடப்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் அதற்காக எதையும் கைவிட வேண்டாம். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து மறுபடி பெறலாம். பரீட்சை எழுதிய வருடமும் சுட்டெண்ணும் தெரிந்தால் வேலை இலகு. சுட்டெண் மறந்திருந்தால் படித்த பாடசாலையில் கேளுங்கள். பாடசாலைப் பதிவேடும் அழிந்திருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பிரதேச செயலகம். கையில் கிடைத்ததும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.