தொபுக்கடீர்! - ஒரு கிணற்றடி ஆராய்ச்சி

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துப் பசங்களுக்கு நீச்சல்குளம் என்றால் தோட்டத்துக் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறங்குவோம். அடுத்த கோடையில் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்போம். அப்புறம் போட்டி. யார் குதித்தால் தண்ணீர் அதிக உயரம் தெறிக்கிறது? குண்டாக இருப்பவன்தான் ஜெயிப்பான் என்று நினைத்தோம். இல்லீங்க! எங்க ஊரில் ஜெயித்தவன் ஒரு நோஞ்சான். முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிப்பான், அவ்வளவுதான் ரகசியம்.

ஏன் அப்படி? தண்ணீருக்குள் போகிற பொருளுக்குப் பின்னால் ஒரு காற்றுக் குழி உண்டாகிறது. உருண்டையாக விழுந்தால் குழி அகலம். அதை மூட நாலாபுறமும் தண்ணீர் ஓடிவந்து மோதுகிறது. போக வேறு வழி? தூண் மாதிரி மேலே பீய்ச்சி அடிக்கிறது. தெறிப்புகளை மின்பொறி வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, 1908-ல் புத்தகமே போட்டவர் வொர்திங்டன் என்ற இங்கிலாந்துப் பேராசிரியர். அந்த நீர்த்தூணுக்கு 'வொர்திங்டன் ஜெட்' என்றே பெயர்.

ஹாஸ்டலிலேயே சோதிக்கலாம். இரண்டு கோலிக்குண்டு எடுங்க. ஒன்றைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடையுங்க. இன்னொன்றை இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் கரி படிய வைத்து, ஆறவிடுங்க. 3 அடி உயரத்திலிருந்து பக்கெட்டில் போட்டால், கழுவியது சத்தமில்லாமல் நழுவிப் போகும். கரிக்குண்டோ 'களுக்' என்று தண்ணீரை வாரி இறைக்கும்! எடை ஒன்றுதானே? சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒட்டி ஏறி உடனே மூடிக்கொள்கிறது. கரியில் ஒட்டாமல் விலகுவதால் குழி விழுகிறது. சுத்தமான குண்டும் காற்றை இழுக்க வேண்டுமானால் வினாடிக்குச் சுமார் 7 மீட்டர் வேகம் வேண்டும் என்று 2007-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். 3 அடியில் கிடைப்பது 4 மீட்டர்தான்.

நம்ம கிணற்றுக் கதை வேறு. 20 அடி உயரம் என்றால் வேகம் வினாடிக்கு 11 மீட்டர், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர். வயிறு தட்டையாக அடித்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 0.6 கிலோ அழுத்தம். தொட்ட கணத்தில் இன்னும் அதிகம். போர்வெல் போட்டுப் போட்டு கிணற்றில் தண்ணீர் இறங்கி 40 அடி ஆனால் இந்த அழுத்தம் இரண்டு மடங்கு, கீழே ஆழமும் குறைச்சல். பாறைக் கிணறு வேற!

இந்தக் கணக்கெல்லாம் ஹைட்ராலிக்ஸ் படித்த பிறகு போட்டதுங்க. நான் வயிறடிக்க விழுந்தது எட்டாம் வகுப்பில். இரண்டு நாள் குப்புறப் படுக்க முடியவில்லை.