குக்குறுவானும் கமக்காரரும்

வெயில் ஏறிய வேளையில், கன்னார் செப்புப் பாத்திரம் தட்டுவது போன்று 'டுக், டுக், டுக்' என ஆலமரத்து உச்சியிலிருந்து இடைவிடாது எழும் ஒலியைக் கேளாத கமக்காரர் வரண்ட வலயத்தில் மிகச் சிலரே. அவ்வொலிக்குரியது செம்மார்புக் குக்குறுவான். கூவும்போது அது அலகைத் திறப்பதில்லை; தொண்டையை மட்டும் உப்பச்செய்து, தலையை அங்குமிங்கும் திருப்பும். ஆதலின் அஃது இருக்கும் கிளையைக் கண்டுகொள்ளுதல் எளிதன்று.

ஏறக்குறைய 6½ அங்குல நீளமுள்ள இப்பறவையின் முதுகு பச்சை. நெற்றியிலும் மார்பிலும் செந்நிறம். கண்ணைச் சூழ்ந்தும் தொண்டையிலும் மஞ்சள். இப்பச்சை நிறமே இதற்குக் கேடாகின்றது. கதிர் முற்றுங் காலத்தில் வயலில் இறங்கும் கிளியென எண்ணிச் சிறுவர் இதனையும் கவணால் வீழ்த்திவிடுவர். கிளிக்கு நீண்ட வாலும் வளைந்த சிவந்த அலகும் உண்டு. குக்குறுவானின் வால் குறுகியது. அலகு கறுத்துத் தடித்தது. இது நெல்மணியை உண்பதில்லை.

ஆல், அரசு, அத்தி முதலியவற்றின் பழங்களே இதன் பேருணவு. ஒரே நாளில் தன் உடல் நிறையிலும் கூடிய பழத்தை உண்ண வல்லது. பூச்சிகளையும் பிடிக்கும். தோட்டத்தில் கனிந்த கொய்யாவைக் கொத்துதலும் உண்டு; காய் பழுக்கத் தொடங்கும்போதே பறித்துக்கொள்வார்க்கு இந்நட்டம் சிறிதே.

உண்மையான தொல்லை வேறு. உண்ட பழத்தின் விதை எச்சத்தோடு கெடாது வெளிப்படும். காட்டில் இது மரம் நடும் வேலை. கிணற்றுக்கட்டின் வெடிப்பிலோ பனையின் மட்டையிடுக்கிலோ விழுந்தாலோ, அங்கே ஆலங்கன்று முளைக்கும். (மைனாவும் வௌவாலும் இதனையே செய்கின்றன, பழியைக் குக்குறுவான்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று.) வேர் தடித்தபின் கிணற்றுக் கல் பிளந்து சரியும், மேலே வெட்டினாலும் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். எனவே மாரி முடிந்தவுடன் கிணற்றின் உட்புறத்தையும் மதகுகளையும் பார்வையிட்டு, இரண்டு மூன்று இலைப் பருவத்திலேயே கன்றை வேரோடு பிடுங்கி, வெடிப்பைச் சாந்தினால் அடைத்துவிடல் வேண்டும். பறவையைக் கொல்வதனால் கிணறு காக்கப்படமாட்டாது.

குக்குறுவான் பட்டுப்போன மென்மரக் கிளையைக் குடைந்தே முட்டையிடும். முருங்கையின் உலர்ந்த கொம்பு அதற்கு மிகவும் ஏற்றது. வீட்டுக்கோ வழிக்கோ மேலே இல்லாத அத்தகைய கொம்பை விறகுக்கென வெட்டாது விடலாம். அது விட்டுச்சென்ற பொந்தில், தாமாகக் குடையமாட்டாத வேறு சிறு பறவைகள் பின்னர்க் குடியேறிப் பயிர்ப்புழுக்களைத் தம் குஞ்சுகளுக்குப் பொறுக்கிச் செல்லும்.