பருவநிலையில் மனிதனின் கைரேகை: புக்கிட் பெலண்டோக் சொல்லித் தரும் பாடம்

நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ளது புக்கிட் பெலண்டோக். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் நிறைந்த தோட்டப்புறம். 1999ஆம் ஆண்டு வரை இது நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களுள் ஒன்றாகவும் இருந்தது. இன்று உலக மருத்துவ நூல்களில் இந்த ஊரின் பெயர் இடம்பெறுவதற்குக் காரணம் நிப்பா வைரஸ். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரே அந்தக் கிருமிக்குச் சூட்டப்பட்டது.

பருவநிலை மாற்றத்தைப் பற்றிய கட்டுரையில் நோய்க் கிருமிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். "உலகம் சூடாவதற்கு மனிதன்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? இனி நடக்கப்போவதை எப்படி முன்கூட்டியே சொல்கிறார்கள்?" என்பவை வாசகர்கள் பலர் கேட்கும் கேள்விகள். அவற்றுக்கு விடை தேடும் முறையைப் புரிந்துகொள்ள, நம் நாட்டில் நடந்த இந்த நிகழ்ச்சியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கொசுவா, பன்றியா?

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பரவியது. ஆண்டிறுதியில் அது சிரம்பான் அருகே சிக்காமட்டிலும், பின்னர் புக்கிட் பெலண்டோக்கிலும் தலைகாட்டியது. கொசு வழியாகப் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசு மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் மரணங்கள் நிற்கவில்லை.

சில அறிகுறிகள் மட்டும் அந்த விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பண்ணையில் வேலை செய்த வயது வந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. ஆனால் பன்றிகளைத் தொடாத அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் நோய் ஏறக்குறைய இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். பன்றிகளோ பலத்த ஓசையுடன் இருமின.

1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். மாதிரிகளைத் தாமே அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று உறுதிப்படுத்தினார். காரணம் தெரிந்த பிறகே சரியான நடவடிக்கை தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்த பிறகே கொள்ளைநோய் அடங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது, மருத்துவர்கள் கையாண்ட முறை. ஒவ்வொரு காரணமும் தனக்கே உரிய தடயத்தை விட்டுச்செல்லும். கொசு காரணமென்றால் ஒரு வகைத் தடயம். பன்றி காரணமென்றால் வேறு வகை. கிடைத்த தடயம் எதனோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். பருவநிலை அறிஞர்களும் இதே முறையைத்தான் கையாளுகிறார்கள். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'கைரேகை ஆய்வு'.

வானத்தில் பதிந்த கைரேகை

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 280 கரியமில வாயு மூலக்கூறுகள் இருந்தன. 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இந்தக் கூடுதல் வாயு கடலிலிருந்து வந்திருக்கக் கூடாதா? கரியமே இதற்குச் சாட்சி சொல்கிறது. உயிருள்ள மரத்தில் கார்பன் 14 என்னும் கதிரியக்க அணு சிறிதளவு இருக்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை என்பதால் அவற்றில் அது முற்றாக அழிந்துபோயிருக்கும். அவற்றை எரிக்க எரிக்க, காற்றில் உள்ள கார்பன் 14இன் பங்கு நீர்த்துப்போக வேண்டும். அப்படி நீர்த்துப்போவதை 1955இலேயே ஹான்ஸ் சூஸ் மரவளையங்களில் கண்டு காட்டினார்.

சரி, சூரியன் காரணமாக இருக்கலாமே? சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் காற்று மண்டலம் மேலும் கீழும் சேர்ந்தே சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழ் அடுக்கு சூடாகி, மேலே உள்ள அடுக்கு குளிர வேண்டும். சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இலேயே கணக்குப் போட்டுச் சொன்னது இது. பின்னர் பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்தபோது, கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியுமாகவே இருந்தது. கைரேகை பொருந்திவிட்டது. பலவகைத் தடயங்களைக் கணிதமாகப் பிரித்தறியும் வழியை வகுத்த கிளாஸ் ஹசல்மானும் மனாபேயும் 2021இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கை, 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2010-2019 வரையில் மனிதனால் ஏற்பட்ட வெப்ப உயர்வு சுமார் 1.07 டிகிரி செல்சியஸ் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்தில் அளக்கப்பட்ட உயர்வு ஏறத்தாழ முழுவதும் இதுவே.

எல் நினோவும் மனிதனும்

எல்லாவற்றையும் மனிதன் தலையில் கட்டுவதும் தவறு. 1997-98 ஆண்டுகளை நினைவுகூருங்கள். பசிபிக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் எல் நினோ, நம் பகுதிக்கு மழையைக் குறைத்தது. எல் நினோ மனிதன் உண்டாக்கியதன்று. நெடுங்காலமாக வந்துபோகும் இயற்கை நிகழ்ச்சி. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரி, நாட்டின் உச்ச வெப்பநிலையாக இடம்பெற்றது அந்த எல் நினோ காலத்தில்தான்.

ஆனால் அப்போது நம் வானத்தை மூடிய புகைமூட்டத்தை எல் நினோ மட்டும் கொண்டுவரவில்லை. இந்தோனேசியாவில் காடுகள் அழிக்கப்பட்டிருந்தன. நீர் ஊறிய, இலைதழை மக்கிப் பல மீட்டர் தடிப்பில் சேர்ந்த கரிச்சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடித்திருந்தார்கள். மத்திய கலிமந்தானில் மட்டும் பத்து லட்சம் ஹெக்டேர் நெல் திட்டம் ஒன்று 1996இல் தொடங்கியிருந்தது. ஈரம் வடிந்த அந்த மண் விறகாயிற்று. 1997ஆம் ஆண்டின் தீயில் இந்தோனேசியக் கரிநிலங்களும் காடுகளும் வெளியிட்ட கரியம் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை இருக்கும் என்று சூசன் பேஜ் தலைமையிலான குழு 2002இல் மதிப்பிட்டது. அப்போது உலகம் முழுவதும் ஓராண்டில் எரிபொருளை எரித்து வெளியேற்றிய கரியத்தில் 13 முதல் 40 விழுக்காடு அது. வறட்சியைக் கொடுத்தது இயற்கை. அந்த வறட்சியில் எரிவதற்கு நிலத்தைத் தயாராக்கி வைத்தது மனிதன்.

புகைமூட்டமும் நிப்பாவும்

இங்கேதான் புக்கிட் பெலண்டோக் மீண்டும் வருகிறது. நிப்பா வைரஸின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால். காடழிப்பாலும் வறட்சியாலும் புகைமூட்டத்தாலும் காட்டில் பழம் குறைந்து, வௌவால்கள் பண்ணைகளை ஒட்டியிருந்த பழமரங்களைத் தேடி வந்திருக்கலாம் என்று டாக்டர் சுவாவும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்ததால் அது உலகெங்கும் பரவியது.

ஆனால் 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, தேதிகளைக் கணக்கில் எடுத்தது. ஈப்போ அருகே நோய் தொடங்கிய பண்ணையுடன் தொடர்புடைய பாதிப்பு 1997இன் தொடக்கத்திலேயே இருந்ததற்கான சான்று கிடைத்தது. பெரும் புகைமூட்டமோ அவ்வாண்டின் பிற்பாதியில் வந்தது. விளைவு காரணத்துக்கு முந்தி வர முடியாது அல்லவா? 30,000-க்கும் மேற்பட்ட பன்றிகள் ஒரே பண்ணையில் இருந்ததும், தொழுவங்களை ஒட்டி மாமரங்கள் நட்டிருந்ததுமே வலுவான காரணங்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. முதல் தடவை வந்த கிருமி விரைவாகப் பரவி ஓய்ந்தது. ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்ற மந்தைக்குள் இரண்டாம் தடவை நுழைந்தபோது, புதிதாகப் பிறக்கும் குட்டிகளைப் பற்றிக்கொண்டு நீண்டகாலம் நிலைத்தது. நோயுற்ற பன்றிகள் தெற்கே விற்கப்பட்டபோது புக்கிட் பெலண்டோக் பலியாயிற்று.

இதிலும் காரணம் மனிதச் செயல்தான். ஆனால் அது பருவநிலை அன்று, பண்ணை முறை. உலகம் சூடாவதில் மனிதனின் பங்கை உறுதிசெய்த அதே கண்டிப்பான சோதனைதான், நிப்பாவில் புகைமூட்டத்தின் பங்கைச் சந்தேகிக்கவும் வைத்தது.

வருவதை எப்படிக் கணிக்கிறார்கள்?

"அடுத்த வாரம் மழை வருமா என்றே சரியாகச் சொல்ல முடியவில்லை, ஐம்பது ஆண்டுக்குப் பின் நடப்பதை எப்படிச் சொல்வது?" நியாயமான கேள்வி. தோட்டத்துக் கிராணியிடம், குறிப்பிட்ட ஒரு பால்மரம் நாளைக்கு எவ்வளவு பால் கொடுக்கும் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிரும் காலத்தில் தோட்டம் முழுவதும் பால் குறையும் என்று உறுதியாகச் சொல்வார். நாளைய மழை ஒரு மரத்தின் பால். பருவநிலை, தோட்டம் முழுவதன் பருவக் கணக்கு.

கணினி மாதிரிகள் காற்றையும் கடலையும் பல லட்சம் கட்டங்களாகப் பிரிக்கின்றன. உலகளாவிய மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், காற்று, ஈரம் எப்படி மாறும் என்பதை இயற்பியல் விதிகளின்படி கணக்கிடுவார்கள். தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை ஓட்டுவார்கள். மனிதன் வெளியேற்றும் வாயுவைச் சேர்த்து ஒருமுறையும், சேர்க்காமல் ஒருமுறையும் ஓட்டினால், வேறுபாடு நம் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிடும்.

மாதிரி சரிதானா என்று சோதிக்க இயற்கையே ஒரு வாய்ப்புத் தந்தது. 1991 ஜூனில் பிலிப்பீன்சின் பினாத்துபோ எரிமலை வெடித்து, தூசியும் கந்தகமும் வானில் பரவின. உலக வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்து, சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பும் என்று ஜேம்ஸ் ஹான்சனின் குழு முன்கூட்டியே எழுதி வெளியிட்டது. ஏறத்தாழ அப்படியே நடந்தது. எல் நினோவையும் இன்று பல மாதங்களுக்கு முன்பே கணிக்கிறார்கள். மார்க் கேன், ஸ்டீபன் செபியாக் ஆகியோரின் மாதிரி 1986இல் இதைத் தொடங்கிவைத்தது.

கணிப்பில் உறுதியானது எது, உறுதி குறைந்தது எது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கரியமில வாயு இரட்டிப்பானால் உலகம் காலப்போக்கில் சுமார் 3 டிகிரி சூடாகும், அது 2.5 முதல் 4 டிகிரி வரை இருக்கக்கூடும் என்கிறது ஐபிசிசி. இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் மேகங்கள். அவற்றின் நடத்தையைக் கணக்கில் பிடிப்பது கடினம். ஒரு டிகிரி சூடானால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், அடைமழை இன்னும் கடுமையாகும் என்பது உறுதி. ஆனால் ஒரு மாவட்டத்தில் ஆண்டு மழை கூடுமா குறையுமா என்பதில் மாதிரிகள் ஒத்துப்போவதில்லை. நாம் இனி எவ்வளவு எரிக்கப்போகிறோம் என்பதை எந்த மாதிரியாலும் கணிக்க முடியாது. அது நம் கையில் இருப்பது.

செய்து பாருங்கள்

செம்பனையில் பூ ஆணா பெண்ணா என்பது, குலை பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிறது. வறட்சி வந்தால் ஆண் பூக்கள் கூடும். அதனால் மழையில்லாத மாதத்தின் நட்டம் பின்னொரு நாளில்தான் சம்பளத்தில் தெரியும்.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம். உங்கள் வட்டாரத்துத் தோட்டத்தில் கடந்த பத்து ஆண்டுகளின் மாதாந்திர மழை அளவையும் குலை அறுவடை அளவையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். மழைக் கோட்டை 6, 12, 18, 24 மாதங்கள் தள்ளித் தள்ளி வைத்து, எந்த இடத்தில் இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஒத்துப்போனாலும் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்த ஆண்டுகளில் மறுநடவு நடந்ததா, உரம் குறைந்ததா, அறுவடைக்கு ஆள் பற்றாக்குறை இருந்ததா என்று அங்கே வேலை செய்யும் பெரியவர்களிடம் விசாரியுங்கள். ஒவ்வொன்றும் தன் தடயத்தை விட்டிருக்கும். அவற்றைக் கழித்த பிறகு எஞ்சுவதே மழையின் பங்கு.