திருமறையில் உலையும் குகையும்

மண்ணூர்பேட்டை என்னும் எம் ஊர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்தது. அங்கு வாழ்வோர்க்கு உலோகம் என்பது ஏட்டிற் கண்ட பொருளன்று. வைகறையிலேயே கடைசல் எந்திரங்களின் ஓசை செவிப்படும். தெருவோரத்தில் இரும்புச் சுருள்கள் குவிந்து கிடக்கும். வார்ப்படச் சாலைகளினின்று வேலை முடித்து வருவோரின் ஆடையில் மணலும் கரியும் ஒட்டியிருக்கும். அத்தெருக்களுள் ஒன்றில், உருகிய அலுமினியம் தெறித்து வலக்கை வெந்துபோன ஒருவருக்காகச் சென்ற ஆண்டு வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்று நடைபெற்றது. வந்திருந்த பெரியவர் ஒருவர், கர்த்தர் தம் பிள்ளையைப் புடமிட்டுப் பார்க்கிறார் என்று ஆறுதல் மொழிந்தார். நோயாளியின் மனைவியார் சிறிது பொறுத்து, ‘வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, அதுவும் புடந்தானா, ஐயா?’ என்று வினவினார். பெரியவர் விடை கூறவில்லை. யாமும் அங்கிருந்தோம், எமக்கும் விடை தெரிந்திலது. அவ்வினாவினின்று எழுந்ததே இக்கட்டுரை. திருமறை உலோகத் தொழிலை உவமையாக எடுத்தாளும் இடங்களின் கருத்தை அறியவேண்டின், அக்காலக் கொல்லரும் தட்டாரும் எவ்வாறு தொழில் செய்தனர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும் அன்றோ?

உலோகத் தொழிலின் முதல்வனாக ஆதியாகமம் நான்காம் அதிகாரம் கூறுபவன் தூபால்காயீன். அவனை அத்தொழிலாளர்க்கு ‘ஆசாரியன்’ என நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வழங்குகிறது. அதே மொழிபெயர்ப்பில் ஆரோனின் குலத்தாராகிய குருமாரும் ‘ஆசாரியர்’ எனவே அழைக்கப்பெறுவர். நம் ஊர்களிலோ பொன்னிலும் இரும்பிலும் மரத்திலும் வேலை செய்வோர் ‘ஆசாரி’ எனப்படுவர். பலிபீடத்தண்டை நிற்பவர்க்கும் பட்டடையண்டை நிற்பவர்க்கும் ஒரே வடசொல்லினின்று பெயர் பிறந்துள்ளமை தமிழ் கற்பார்க்கு இன்பம் தருவதொன்று. இச்சொல்லிடத்து மீண்டும் வருவோம்.

‘நெகோஷெத்’ என்னும் எபிரேயச் சொல் செம்பையும் குறிக்கும். செம்பொடு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தையும் குறிக்கும். ஆதலின் மொழிபெயர்த்தோர் ஓரிடத்துச் செம்பு என்றும், ஓரிடத்து வெண்கலம் என்றும், ஓரிடத்துப் பித்தளை என்றும் எழுதலாயினர். செம்பொடு துத்தநாகம் கலந்த பித்தளை அந்நாளில் அரிதாகலின், அதனை வரும் இடங்களில் வெண்கலம் அல்லது செம்பு எனக் கொள்ளலே பொருந்தும். கானான் தேசத்து மலைகளிற் செம்பு வெட்டியெடுக்கலாம் என்று உபாகமம் எட்டாம் அதிகாரம் கூறுவது வெறும் புனைந்துரையன்று. தெற்கேயுள்ள திம்னாப் பள்ளத்தாக்கிற் பழைய செப்புச் சுரங்கங்களும் உலைகளும் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. அங்கிருந்த ஒரு சிறு கோயிலில், தலைக்குப் பொன் பூசிய செப்புப் பாம்பு ஒன்று 1969ஆம் ஆண்டில் கிடைத்தது. மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் அதுவே என்று துள்ளிக் குதிப்பார்க்கு ஒன்று கூறுவோம்: மோசேயின் சர்ப்பத்தை எசேக்கியா அரசன் உடைத்துப்போட்டான் எனத் திருமறையே உரைக்கின்றது. சுரங்கத்துள் மனிதர் விளக்கொளியில் இருளை ஊடுருவிச் சென்று கயிற்றில் தொங்கி உழைப்பதை யோபுவின் புத்தகம் இருபத்தெட்டாம் அதிகாரம் வருணிக்கும் திறம், அத்தொழிலைக் கண்ணாரக் கண்டார்க்கன்றி வாயாது.

இரும்பின் கதை வேறு. செம்பு 1085 பாகை வெப்பத்தில் உருகும். இரும்போ 1538 பாகை வேண்டும். துருத்தியூதிய கரியுலை அவ்வெப்பத்தை எட்டாது. ஆகவே இரும்பு உருகாது, கசடு கலந்த நுரைக்கல் போன்ற கட்டியாகவே உலையினின்று வெளிப்படும். அதனைச் செந்தழலிற் காய்ச்சிச் சம்மட்டியால் மீண்டும் மீண்டும் அடித்துக் கசட்டை வெளியேற்றுவர். வார்த்துப் பெறுவது வெண்கலம், அடித்துப் பெறுவது இரும்பு எனலாம். இக்கலையில் நம் நாடு பின்தங்கியதன்று. சிவகளையிற் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்லும் எனத் தமிழகத் தொல்லியல் துறை 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. அதனை அறிஞர் இன்னும் ஆய்ந்து வருகின்றனர்.

சவுலின் காலத்தில் இஸ்ரவேலில் ஒரு கொல்லனும் இலன். பெலிஸ்தர் அவ்வாறு செய்து வைத்திருந்தனர். உழவன் தன் கொழுவைத் தீட்டுதற்கும் பகைவனிடமே செல்லவேண்டும். அந்நிகழ்ச்சியைக் கூறும் வசனத்தில் ‘பீம்’ என்றொரு சொல் வருகிறது. அதன் பொருள் விளங்காமையாற் பழைய மொழிபெயர்ப்பாளர் ‘அரம்’ என்று எழுதினர். பிற்காலத்து அகழாய்வுகளில் அச்சொல் பொறித்த எடைக்கற்கள் கிடைத்தபின்னரே, அது ஏறக்குறைய 7.8 கிராம் எடையுள்ள வெள்ளி என்றும், கொழுத் தீட்டக் கொடுத்த கூலி என்றும் தெளிவாயிற்று. ஒரு சமூகத்தை அடிமைப்படுத்த விரும்புவோர் முதலில் அதன் கொல்லரைப் பறிப்பர் என்பதற்கு நேபுகாத்நேச்சாரும் சான்று. எருசலேமினின்று அவன் சிறைகொண்டு போனவருள் கொல்லரும் கைவினைஞரும் தனியே எண்ணப்படுகின்றனர். பட்டயங்கள் கொழுக்களாகும் என்று ஏசாயாவும் மீகாவும் கூற, கொழுக்களைப் பட்டயங்களாக்குங்கள் என்று யோவேல் மாறுபடக் கூறுகிறார். எம் ஊர்க்கு மேற்கே ஆவடியில் 1961இல் நிறுவப்பெற்ற தொழிற்சாலை இன்றும் போர் டாங்கிகளைச் செய்கின்றமையின், இம்முரண் எமக்குப் புதிதன்று.

சாலொமோனின் ஆலயத்துக்கு வெண்கலப் பணி செய்த ஈராம், நப்தலி கோத்திரத்து விதவையின் மகன். பத்து முழக் குறுக்களவுள்ள கடல்தொட்டியையும் பெருந்தூண்களையும் அவன் யோர்தான் சமவெளியின் களிமண் தரையில் வார்த்தான். காவிரி வண்டலைக் கொண்டு சுவாமிமலைச் சிற்பியர் படிமம் வார்ப்பதை அறிந்தார், இக்களிமண்ணின் அருமையையும் உணர்வர். அதற்கு முன்னரே, ஆசரிப்புக் கூடாரத்துத் தொட்டி பெண்டிரின் வெண்கலக் கண்ணாடிகளால் ஆக்கப்பட்டது. முகம் பார்த்த பொருளிற் கைகால் கழுவும் நீர் நின்றது என்பதை எண்ணுந்தொறும் எமக்கு வியப்பே.

இனி வெள்ளிக்கு வருவோம். பண்டை நாளில் வெள்ளியின் பெரும்பகுதி ஈயக் கனியத்தினின்றே எடுக்கப்பட்டது. வெள்ளி கலந்த ஈயத்தை, எலும்புச் சாம்பல் போன்ற பொருளாற் செய்த அகன்ற குகையில் உருக்கி, அதன்மேல் துருத்தியாற் காற்றை ஊதுவர். ஈயம் காற்றொடு கூடிப் பற்பமாகும். மற்றை இழிந்த உலோகங்களின் மாசையும் தன்னுள் ஏற்றுக்கொண்டு குகைச் சுவரில் ஊறி மறையும். இறுதியில் வெள்ளி மட்டும் நிற்கும். கடைசி ஈயப்படலம் நீங்குங் கணத்தில் உருகிய வெள்ளி பளிச்சென மின்னும். வெப்பம் குறைந்தால் ஈயம் தங்கிவிடும். மிகுந்தால் வெள்ளியும் வீணாகும். ஆதலின் தட்டான் இடம்விட்டு எழலாகாது. மல்கியா தீர்க்கதரிசி தேவனை உட்கார்ந்து வெள்ளியைச் சுத்திகரிப்பவராகக் காட்டியதன் நயம் இது. தட்டான் வெள்ளியில் தன் முகத்தைக் கண்டவுடன் தீயைத் தணிப்பான் என்றொரு கதை பிரசங்கங்களில் வழங்குகிறது. கதை அழகியதே, ஆயினும் திருமறையில் அஃதில்லை. மாசைச் சுமந்து மறையும் ஈயத்தை நினைக்குங்கால் எம் உள்ளம் கல்வாரிக்குச் செல்கிறது. அதனையும் உவமையாக நீட்ட யாம் துணியோம்.

புடமிட்டாற் போதும், தூய்மை தானே வரும் என்று கருதுவாரை எரேமியா ஆறாம் அதிகாரம் மறுக்கின்றது. துருத்தி வெந்தது, ஈயம் அழிந்தது, மாசோ நீங்கவில்லை. தள்ளுபடியான வெள்ளி என்பதே அங்குத் தீர்ப்பு. எனவே துன்பம் எல்லாரையும் தூய்மையாக்கும் என்பது திருமறையின் கூற்றன்று.

வேறோர் உலையும் உண்டு. எகிப்தை ‘இருப்புலை’ என்று உபாகமமும், சாலொமோனின் ஜெபமும், எரேமியாவும் அழைக்கின்றன. செங்கல் அறுத்த அடிமைகள் வெந்த உலை அது. அவ்வுலையில் தேவன் தம் மக்களைப் புடமிட்டார் என்று இவ்விடங்கள் கூறவில்லை. அதனின்று வெளியே கொண்டுவந்தார் என்றே கூறுகின்றன. ஏசாயா நாற்பத்தெட்டாம் அதிகாரத்தில் உபத்திரவத்தின் குகை என வருகின்றதே எனின், உண்மைதான்; ஆனால் அது கழுத்து இரும்பு நரம்பாகவும் நெற்றி வெண்கலமாகவும் இருந்த வணங்காக் கூட்டத்தாரை நோக்கிய சொல். இருப்புலை வேறு, வெள்ளிக் குகை வேறு. ஒன்றன் வேதனையை மற்றொன்றன் பெயரால் அழைப்பது பிழை என்பது எம் துணிபு.

மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தைப் பலர் மூன்றாம் வசனத்தோடு நிறுத்திவிடுகின்றனர். அங்கே குகையிலிடப்படுவோர் யாவர்? லேவியின் புத்திரர், அஃதாவது ஆசாரியர். பலிபீடத்து ஆசாரியர்க்கே புடம் கூறப்பட்டதன்றிப் பட்டடை ஆசாரிக்கன்று. ஐந்தாம் வசனமோ, கூலிக்காரனின் கூலியில் அவனை ஒடுக்குவார்க்கு விரோதமாகத் தேவனே தீவிரமான சாட்சியாக வருவதைக் கூறுகிறது.

விக்கிரகம் செய்வோனை எள்ளி நகைக்கும் ஏசாயா நாற்பத்துநான்காம் அதிகாரத்திலும், குறட்டொடும் தழலொடும் போராடும் கொல்லன் பசித்துப் பலமிழந்து நீரின்றிக் களைப்பது மறக்கப்படவில்லை. எள்ளலுக்கு நடுவிலும் அவன் தாகம் தீர்க்கதரிசியின் கண்ணிற்பட்டது.

விடுமுறையில் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். வலக்கை விரல்கள் இன்னும் முழுதும் மடங்கவில்லை. ஜெபத்திற்கு முன் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை ஐந்தாம் வசனம் முடிய வாசித்தோம். அவ்வம்மையார் கேட்டிருந்து, கடைசி வசனத்தை மட்டும் இன்னொருமுறை வாசிக்கும்படி கூறினார். வாசித்தோம்.