இதயமும் சிறுநீரகமும்

மனித உடல் பல உறுப்புகள் கூடி வாழும் ஒரு குடும்பத்தை ஒத்தது. ஒவ்வோர் உறுப்புக்கும் தனித் தொழில் உண்டு. ஆயினும் எவ்வுறுப்பும் தனித்து வாழ்வதில்லை. ஒன்று நலிந்தால் மற்றொன்று அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது. நெடுநாள் சுமந்தால் அதுவும் நலிந்துவிடுகிறது. இவ்வுண்மைக்கு இதயமும் சிறுநீரகமும் சிறந்த சான்றாகும். ஒன்று மார்புக்கூட்டினுள் இடைவிடாது துடிப்பது. மற்றொன்று முதுகெலும்பின் இருமருங்கிலும் இரண்டாய் அமர்ந்து ஓசையின்றி உழைப்பது. இவற்றிடையே உள்ள உறவை ஆராய்ந்து தெளிய மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. நோய் இன்னதென அறிவதோடு நில்லாது, அந்நோயின் முதல் இன்னதென்றும் ஆராய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் நெறி. அந்நெறி எத்துணை அரியது என்பதை இவ்வரலாறு நன்கு விளக்கும்.

இதயம் ஓய்ந்திருக்கும் உடலில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்துகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. இரண்டு சிறுநீரகங்களையும் சேர்த்து நிறுத்தாலும் 300 கிராம் அளவே இருக்கும். உடலின் எடையில் அது நூறில் ஒரு பங்குகூட ஆகாது. இத்துணைச் சிறிய உறுப்பிற்கு இத்துணைக் குருதி எதற்கு? உடல் முழுவதற்கும் உரிய குருதியைத் தூய்மை செய்யும் பொறுப்பு அதனிடம் உள்ளது என்பதே விடை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவற்றின் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் வடிகிறது. உடலுக்கு வேண்டிய நீரும் உப்பும் பிறவும் மீண்டும் குருதிக்கே திரும்ப, எஞ்சிய ஒன்று அல்லது இரண்டு லிட்டர் மட்டுமே கழிவுகளோடு சிறுநீராய் வெளியேறுகிறது.

வடிகட்டுவதற்கு அழுத்தம் வேண்டும். அவ்வழுத்தத்தைத் தருவது இதயம். குருதியில் எவ்வளவு நீரும் உப்பும் தங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது சிறுநீரகம். ஏற்றம் இறைப்பவனும் மடை திருப்புபவனும் ஒருவரை ஒருவர் நோக்கியே தொழில் செய்தல் வேண்டும். இறைப்பவன் தளர்ந்தால் வயல் வாடும். மடை திருப்புபவன் தவறினால் வயல் மூழ்கும். இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் உள்ள உறவும் இத்தகையதே.

இவ்வுறவின் முதல் தடத்தைக் கண்டவர் ரிச்சர்டு பிரைட் என்னும் ஆங்கில மருத்துவர். அவர் 1789 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். இலண்டனில் உள்ள கைஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். அக்காலத்தில் முகமும் காலும் வயிறும் வீங்கிப் பலர் அம்மருத்துவமனைக்கு வந்தனர். உடல் வீக்கத்தையே ஒரு தனி நோயாகக் கருதுவது அன்றைய வழக்கம். பிரைட் அவ்வாறு கருதி அமையவில்லை. நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். சிலருடைய சிறுநீர், சூடேறிய முட்டையின் வெண்கருவைப் போல வெண்மையாய்த் திரண்டது. குருதியில் தங்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகியதே அதற்குக் காரணம். அந்நோயாளர் இறந்த பின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது, சிறுநீரகங்கள் கெட்டிருந்தமை தெரிந்தது. இக்கண்டுபிடிப்பை அவர் 1827 இல் நூலாக வெளியிட்டார். அந்நோய் நெடுங்காலம் 'பிரைட் நோய்' என்றே வழங்கிவந்தது.

பிரைட் அத்துடன் நின்றுவிடவில்லை. சிறுநீரில் ஆல்புமின் கண்ட 100 நோயாளரின் உடல்நிலைக் குறிப்புகளைத் தொகுத்து 1836 இல் வெளியிட்டார். அவர்களுள் 52 பேருக்கு இதயம் பருத்திருந்தது. இதயத்தின் வால்வுகள் பழுதுற்றால் அது பருப்பது இயல்பே. ஆனால், அந்த 52 பேரில் 34 பேருக்கு வால்வுகளில் எக்குறையும் இல்லை. எவ்விதத் தடையும் இல்லாத இதயம் ஏன் இவ்வாறு பருக்க வேண்டும்? மாசு கலந்த குருதி இதயத்தை நேரே தூண்டுவதாக இருக்கலாம்; அன்றி, அக்குருதி நுண்ணிய நாளங்களைத் தாக்குவதால் அவற்றின் வழியே அதைச் செலுத்த இதயம் மிகுதியாக உழைக்க நேர்வதாகவும் இருக்கலாம் என்று பிரைட் கருதினார். குருதி அழுத்தத்தை நோயாளியின் படுக்கையருகே அளக்கும் கருவி அந்நாளில் இல்லை. எனினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

அதே மருத்துவமனையில், ஒரு தலைமுறை கழித்து, அவ்வினாவைப் புதிய கோணத்தில் நோக்கினார் ஓர் இளைஞர். அவர் பெயர் பிரெடரிக் அக்பர் மகமது. பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சேக் தீன் மகமதுவின் பேரர் அவர். 1849 இல் பிரைட்டன் நகரில் பிறந்த அவர், மாணவராய் இருந்தபோதே நாடித்துடிப்பைத் தாளில் கோடாக வரையும் கருவியைச் செம்மைப்படுத்தினார். செங்காய்ச்சல் கண்ட நோயாளரின் நாடியை நாள்தோறும் வரைந்து நோக்கினார். சிறுநீரில் ஆல்புமின் தோன்றுவதற்கு முன்னரே நாளங்களில் அழுத்தம் உயர்வதை அக்கோடுகள் காட்டின. இதனை அவர் 1874 இல் வெளியிட்டார். சிறுநீரக நோயின் அறிகுறி இல்லாதோரிடத்தும் அழுத்தம் மிகுந்திருக்கக் கூடும் என்பதையும் பின்னர் எடுத்துக்காட்டினார். சிறுநீரகம் கெட்டதால் இதயம் வருந்துகிறது என்று எண்ணியிருந்த உலகிற்கு, மிகுந்த அழுத்தமே முன்வந்து பின்னர்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும் என்று அவர் உணர்த்தினார். 1884 இல் டைபாய்டு காய்ச்சலுக்கு இரையானபோது அவருக்கு வயது 35.

அவ்வாறாயின், முதற்குற்றவாளி எது? இதயமா, சிறுநீரகமா, அழுத்தமா? சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் இராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து சாறு எடுத்து, வேறு முயல்களின் குருதியில் செலுத்தினர். உடனே குருதி அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரகம் கழிவை அகற்றும் உறுப்பு மட்டும் அன்று, அழுத்தத்தை உயர்த்தும் ஒரு பொருளையும் அது சுரக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. 1898 இல் வெளியான இவ்வாய்வில் அப்பொருளுக்கு 'ரெனின்' என்று பெயரிட்டனர். ஆயினும் மருத்துவ உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாய்வு பயன்படுத்துவாரின்றிக் கிடந்தது.

அதற்கு மீண்டும் உயிரூட்டியவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஹாரி கோல்ட்பிளாட் ஆவார். குருதி அழுத்தம் மிகுந்து இறந்தோரின் சிறுநீரக நாளங்கள் குறுகியிருப்பதை அவர் கண்டிருந்தார். ஆகவே நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு வெள்ளிப் பிடியால் இறுக்கி, குருதி வரவைக் குறைத்துப் பார்த்தார். நாய்களின் குருதி அழுத்தம் உயர்ந்து, உயர்ந்தவாறே நின்றது. இவ்வாய்வு 1934 இல் வெளிவந்தது. 1940 இல், அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆய்வுக் குழுவினர் ஒருவரை ஒருவர் அறியாது உழைத்து, ரெனின் நேரே அழுத்தத்தை உயர்த்துவதில்லை. குருதியில் வேறொரு பொருளைத் தோற்றுவித்து அதன்வழியே உயர்த்துகிறது என்று கண்டனர். இரு குழுவினரும் இரு பெயர்கள் இட்டனர். பின்னர், 1958 இல், இருவர் இட்ட பெயர்களையும் இணைத்து 'ஆஞ்சியோடென்சின்' என்னும் ஒரே பெயரை ஏற்றனர்.

இப்பொருளின் செயலை உணர்ந்தால் முன்னைய புதிர்கள் அவிழும். சிறுநீரகத்திற்கு வரும் குருதி குறைந்தால், உடலில் நீர் வற்றிவிட்டது என்று அது கொள்கிறது. உடனே ரெனினை வெளிவிடுகிறது. அதனால் உண்டாகும் ஆஞ்சியோடென்சின் நாளங்களைச் சுருக்குகிறது. உப்பையும் நீரையும் உடலில் தேக்கச் செய்கிறது. காயத்தால் குருதி இழந்தவனுக்கு இஃது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் இதயம் தளர்ந்தவனுக்கோ இதுவே தீங்காய் முடிகிறது. அவன் உடலில் நீர் குறையவில்லை. செலுத்தும் வலிமையே குறைந்துள்ளது. சிறுநீரகம் அதனை அறியாது மேலும் நீரைத் தேக்குகிறது. தேங்கிய நீரால் கால் வீங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. களைத்த மாட்டின் வண்டியில் மேலும் மூட்டை ஏற்றுவது போல, தளர்ந்த இதயத்தின் மீது சுமை ஏறிக்கொண்டே போகிறது. உதவ எழுந்த உறுப்பே ஊறு செய்கிறது.

இதற்கு மருந்து ஒரு நச்சுப் பாம்பின் வழியே வந்தது வியப்பிற்குரியது. பிரேசில் நாட்டில் 'ஜராராக்கா' என்னும் விரியன் வகைப் பாம்பு உண்டு. அதன் நஞ்சில் உள்ள சில பொருள்களைப் பற்றி செர்ஜியோ பெரைரா என்னும் பிரேசில் அறிஞர் 1965 இல் எழுதினார். ஆஞ்சியோடென்சின் உருவாவதை அப்பொருள்கள் தடுத்தல் பின்னர்த் தெரிய வந்தது. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு, வாய்வழி உண்ணத்தக்க 'காப்டோபிரில்' என்னும் மருந்து ஆக்கப்பட்டது. 1981 இல் அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே வகையைச் சேர்ந்த மருந்து ஒன்று, இதயம் மிகத் தளர்ந்தோரின் வாழ்நாளை நீட்டுவதாக 1987 இல் நிறுவப்பட்டது. நீரிழிவால் சிறுநீரகம் நலிந்தோரின் நோய் முதிர்ச்சியைக் காப்டோபிரில் தாமதப்படுத்துவதாக 1993 இல் தெளிவாயிற்று. ஒரே வகை மருந்து இரண்டு உறுப்புகளையும் காத்தது.

சிறுநீரகம் ரெனின் வாயிலாக இதயத்திற்குச் செய்தி அனுப்புகிறது. இதயம் சிறுநீரகத்திற்கு மறுமொழி கூறுவதில்லையா? இவ்வினாவிற்கு 1981 இல் விடை கிடைத்தது. கனடா நாட்டில் அடால்போ டி போல்டு என்பாரும் அவர்தம் குழுவினரும் எலியின் இதய மேலறைகளிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். அவ்வெலிகள் உப்பையும் நீரையும் பன்மடங்கு மிகுதியாக வெளியேற்றின. சுமை மிகுந்து மேலறை விரியும்போது, 'உப்பையும் நீரையும் வெளியேற்றுக' என்று சிறுநீரகத்திற்குக் கூறும் ஒரு ஹார்மோனை இதயம் சுரக்கிறது என்பது விளங்கிற்று. குருதியை இறைக்கும் பொறி என்று மட்டுமே கருதப்பட்ட இதயம், சுரப்பியுமாய் நின்றது.

நோயின் முதல் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. அஃது ஒரு வட்டமாய்ச் சுழலவும் கூடும் என்பதே இவ்வாய்வுகள் கூட்டாய் உணர்த்தும் உண்மை. இதயம் தளர்ந்தால் சிறுநீரகம் வாடும். சிறுநீரகம் நலிந்தால் அழுத்தம் உயர்ந்தும், குருதி குன்றியும், நாளங்கள் தடித்தும் இதயம் கெடும். 2004 இல் கலிபோர்னியாவில் 11 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் படிப்படியாய்க் குறையக் குறைய, இதய நோயும் இறப்பும் படிப்படியாய் மிகுவதை அது காட்டிற்று. சிறுநீரக நோயுற்றோரில் பலர், சிறுநீரகம் முற்றும் செயலிழக்கும் முன்னரே இதய நோயால் மாய்கின்றனர். எவ்வுறுப்பு முதலில் நலிந்தது, விரைந்தா மெல்லவா என்பதை நோக்கி, இவ்விணை நோயை ஐந்து வகையாகப் பிரிக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் கிளாடியோ ரோங்கோ 2008 இல் வகுத்தார். நீரிழிவுக்கென ஆக்கப்பட்ட 'டபாகிளிபுளோசின்' என்னும் மருந்து, நீரிழிவு இல்லாதோரிடத்தும் தளர்ந்த இதயத்திற்குத் துணை செய்வது 2019 இலும், நலிந்த சிறுநீரகத்திற்குத் துணை செய்வது 2020 இலும் மெய்ப்பிக்கப்பட்டன.

இந்நோய்களின் பெருங்கேடு அவற்றின் அமைதியே ஆகும். அழுத்தம் உயர்வது பெரும்பாலும் வலியால் தெரிவதில்லை. சிறுநீரகம் தன் திறனில் பாதியை இழந்தாலும் முறையிடுவதில்லை. வீக்கமும் மூச்சுத் திணறலும் தோன்றும் நாளில் நோய் முதிர்ந்திருக்கும். எனினும், மெழுகுவத்திச் சுடரில் பிரைட் கண்டதை இன்று எளிய சிறுநீர்ச் சோதனை காட்டிவிடும்; நாடிக் கோடுகளில் மகமது தேடியதைக் கையில் சுற்றும் பட்டையொன்று சில நொடிகளில் அளந்துவிடும். குருதி அழுத்தமும் நீரிழிவும் உடையோர் இவ்விரு சோதனைகளையும் காலந்தவறாது செய்துகொள்ளுதலும், யாவரும் உப்பை அளவோடு உண்ணுதலும், புகையிலையை அறவே விலக்குதலும், மருத்துவர் அறியாமல் வலிநீக்கி மாத்திரைகளை நாள்தோறும் உண்ணாதிருத்தலும் இரண்டு உறுப்புகளுக்கும் ஒருங்கே காவலாகும். ஒன்றைப் பேணுவோர் மற்றொன்றையும் பேணுகின்றனர். ஒன்றைப் புறக்கணிப்போர் இரண்டையும் இழக்க நேரிடும்.