ஆண்டெனாவும் எர்த்தும்: ஓம் விதி சொல்லும் பாடம்

மாணவர்களே, போர்ட் கிள்ளானில் ஒரு வீட்டில் அமெச்சூர் வானொலி ஆண்டெனா கட்டுவதாகக் கொள்வோம். 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 20 மீட்டர் செம்புக் கம்பி போதும். அதை நடுவில் வெட்டி, இரு பாதிகளையும் கேபிளில் இணைப்பார்கள்.

அடுத்தது எர்த். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமின்னல் அதிகம். ஆண்டெனாவுக்கென்று தனியே ஒரு செம்புத் தண்டை மண்ணில் அடித்தால் போதுமா?

மின்னோட்டம் 30,000 ஆம்பியர், தண்டின் மண்தடை 10 ஓம் என்போம். 30,000 × 10 = 300,000 வோல்ட்! வீட்டின் எர்த் தண்டோ அப்போது மிகக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சிக்குவது வானொலிக் கருவி. அதைத் தொடும் கையும்தான்.

எனவே இரு தண்டுகளையும் தடித்த செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே உயர்ந்தால் வேறுபாடு குறையும். மின்கம்பியில் அமர்ந்த குருவி தப்புவதும் இப்படித்தான்.

கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரித்து, தடையைக் கூட்டும். அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

எர்த் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். வானம் இருளும் முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள்; இடி கேட்டபின் தொடாதீர்கள். ஒலிபரப்ப, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அனுமதியும் தேவை.

சிந்திக்க: மண்தடை 5 ஓம் ஆனால் எத்தனை வோல்ட்? அது பாதுகாப்பானதா?